மூடி போட்டாச்சு

வட்டத்து மெம்பரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. லைவ்காரர் என்றால்தான் புரியும். குழாயில் தண்ணீர் வந்தால் போனில் லைவ் வீடியோ, தெருவிளக்கு எரிந்தால் லைவ், எரியாவிட்டால் மட்டும் ஆள் அட்ரஸே இருக்காது. ஜெயித்த அன்றைக்கு, "இனிமே யாரும் ஆபீஸ் ஆபீஸா அலைய வேணாம். புகாரை ஆப்புல போடுங்க. நான் உங்க பாக்கெட்டுலயே இருக்கேன்" என்று போனைப் பார்த்துச் சிரித்தார். சொன்ன மாதிரியே பாக்கெட்டில்தான் இருந்தார். தெருவில் இல்லை.

தெரு முனை லாண்டரிக்காரி அதையும் நம்பித்தான், புருஷன் போன் நம்பரையும் சேர்த்துக் கொடுத்துப் புகார் போட்டாள். லாரி ஏறி, அவள் கடை முனையில் இருந்த சாக்கடைக் குழியின் மூடி நொறுங்கிப் போயிருந்தது. பலகை போட்டு மூடினால் விடிவதற்குள் யாராவது தூக்கிப் போய்விடுவார்கள். அவள் புருஷனுக்குச் சர்க்கரை வியாதியில் பார்வை போய்விட்டது. அதற்காக மனுஷன் முடங்கிவிடவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே கடைக்கு வந்து, தேய்த்த துணிகளைத் தொட்டுப் பார்த்தே யார் வீட்டுச் சட்டை என்று சொல்லி மடித்து வைப்பார். குழி வாயைப் பிளந்த நாளிலிருந்து அவரை வீட்டை விட்டு நகரக் கூடாது என்று இவள் அடக்கி வைத்திருந்தாள். "நான் என்ன கூண்டுக்கிளியா?" என்று அவர் எரிந்து விழுவார்.

அவருடைய போன் வருகிற செய்திகளை வாசித்துச் சொல்லும். ஒருநாள் மதியம் அது தேன் வடிகிற குரலில் சொன்னது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. மூடி பொருத்தப்பட்டது. நன்றி."

அவ்வளவுதான். மனுஷன் சட்டை மாட்டி, தலை வாரி, பெண்டாட்டியை ஆச்சரியப்படுத்தக் கிளம்பிவிட்டார். மூடிதான் போட்டாச்சே என்று முனையில் சுவரையும் விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார். இஸ்திரிப்பெட்டியும் கையுமாக நின்றவளுக்கு முதலில் கேட்டது அவர் அலறல்தான்.

காலில் இரும்புக் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் ஆப்பைத் திறந்து பார்த்தாள். 'தீர்க்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் இருந்தது. கீழே படம். அதே முனை, அதே சுவர், நடுவில் புத்தம்புது மூடி பளபளவென்று மின்னியது. அவள் கடையின் போர்டில் மட்டும், எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கல்கள். காண்டிராக்டரின் ஆள் வேலை செய்யாமலே, வேலை முடிந்த படத்தைக் கம்ப்யூட்டரில் வரையவைத்து ஏற்றியிருக்கிறான் என்பது அவளுக்கு விளங்க நேரமாகவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குத்தான் உதவாது, ஆளையாவது குழியில் தள்ளாமல் இருக்கும்.

ஆபீஸுக்குப் போனாள். கிளார்க் திரையைப் பார்த்தானே தவிர அவளைப் பார்க்கவில்லை.

"மூடி போட்டதா இருக்கேம்மா."

"போடலைங்க. நேர்ல வந்து பாருங்க."

"வந்து பாக்கறதுக்கெல்லாம் இப்ப ஆளே கிடையாதும்மா. படம் வந்தா சிஸ்டமே சரிபாத்து முடிச்சிரும்."

"அப்ப மறுபடி புகாரை எடுத்துக்கங்க."

"அதே இடம், அதே குறை. எடுக்காது. தீர்ந்து போச்சுன்னு சொல்லும்."

"தீர்ந்தது என் புருஷன் காலுய்யா!"

பக்கத்து மேஜைக்காரர்கள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். அவள் அந்தத் திரையைத் தூக்கி உடைக்காமல் வந்ததே பெரிய காரியம். குழிக்குள் ஒரு உடைந்த நாற்காலியைச் செருகிவைத்துவிட்டுக் கடையைத் திறந்தாள்.

அப்புறம் ஒரு காலையில் லைவ்காரர் பரிவாரத்தோடு தெருவுக்கு வந்தார். புகாரே இல்லாத வட்டம் என்று மேலிடம் பரிசு கொடுத்திருக்கிறதாம். உதவியாளன் லைவ் ஓடும் போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான். நாற்காலி படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று அவனே அதைப் பிடுங்கி ஓரமாக வீசினான்.

"என் அன்புச் சொந்தங்களே! நம்ம வட்டத்துல இன்னிக்கு ஒரு புகார்கூட நிலுவையில இல்ல! எல்லாம் தொழில்நுட்பத்தோட சாதனை!"

லாண்டரிக்காரி இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். தன் போனில் அந்தப் படத்தைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மெம்பரே, இது உங்க ஆப்புல வந்த படந்தானே?"

"ஆமாம்மா. சிறப்பா முடிச்சிருக்காங்க." மனுஷன் படத்தைத்தான் பார்த்தார், தரையைப் பார்க்கவில்லை.

"அப்ப அந்த மூடி மேல ஏறி நில்லுங்க."

அப்போதுதான் குனிந்து பார்த்தார். ஓரடி பின்னால் போனார்.

"ஏன், பயமா இருக்கா? நில்லுங்க! கண்ணு தெரியாத மனுஷன் உங்க பேச்சை நம்பிக் காலை வெச்சாரு. உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது? உங்க பேச்சை நீங்களே நம்ப மாட்டீங்களா?"

"அம்மா, இதை உள்ள போய்ப் பேசிக்கலாம்…"

"எதுக்கு உள்ள? இங்கயே பேசு! தம்பி, போனைக் கீழ எறக்காதே. குழியைக் காட்டு!"

உதவியாளனுக்கு எதை அமுக்குவது என்றே தெரியவில்லை. பதற்றத்தில் குழியைத்தான் காட்டிக்கொண்டு நின்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை வட்டமே பார்த்தது. எதிர்க் கடைக்காரர்கள் இறங்கி வந்து, "நில்லுங்க மெம்பர், நில்லுங்க" என்று சேர்ந்து கத்தினார்கள். லைவ்காரர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் வண்டி வந்தது, மூடி வந்தது, இரண்டு பேர் பொருத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. இதற்காகவா ஒரு கால்?

வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்.

"நீ பாத்தியா?"

"மேல ஏறிக் குதிச்சே பாத்துட்டேங்க."

முனைக்கு வந்ததும் அவர் கோலால் தட்டினார். இரும்பு கணீரென்றது. மறுபடி தட்டினார். அவள் மூடியின் மேல் ஏறி நின்று, "இதோ, நான் நிக்கிறேன், வாங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்று வேர்த்திருந்தது. இத்தனை வருஷம் அவள் சொல்லை நம்பியே நடந்த மனுஷன், மெல்லக் கையை உருவிக்கொண்டு, சுவரைத் தடவியபடி சுற்றிக்கொண்டு போனார்.