வெறும் சுவரில் கடல்

ரிஸ்லாவின் புகைப்படங்கள் சிங்கப்பூரிலும் பாரிஸிலும் தொங்கின. வெள்ளவத்தையில், கடற்கரை வீதியைப் பார்த்த மூன்றாம் மாடியில், அவளுடைய உம்மா கைருன்னிஸாவின் வீட்டுச் சுவரில் மட்டும் ஒன்றும் தொங்கவில்லை. உருவப்படம் தொங்கும் வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்பது உம்மாவின் உறுதி. கண்காட்சிக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி வந்துவிடும்.

ரிஸ்லாவும் லேசுப்பட்டவள் இல்லை. இருபது வருடமாக மனிதர்களே இல்லாத படங்களாக எடுத்துத் தள்ளினாள். கொட்டாஞ்சேனை வீடொன்றின் வாசலில் கிடந்த செருப்புகள், ஆள் எழுந்துபோன கட்டில், ஆறிப்போன தேநீர். விமர்சகர்கள் அதில் போருக்குப் பிந்திய வெறுமையைக் கண்டுபிடித்துப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். உம்மாவுக்குப் பயந்து எடுத்தது என்று அவள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. தன் படைப்பு ஒன்றை உம்மா ஒரு தடவையாவது பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இப்போது உம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது.

அதனால் ஒரு காலையில் கறுப்புப் பொலித்தீனும் காட்போட் மட்டையுமாக வந்து, முன்னறைச் சன்னல்களை அடைக்கத் தொடங்கினாள்.

"என்னத்துக்கு மகள் மூடுற? புழுங்குது!"

"கொஞ்சம் பொறுங்க உம்மா. படம் ஒண்டும் மாட்டமாட்டேன்."

அறை கும்மிருட்டானது. மட்டையின் நடுவில் விரல்நுனி அளவுக்கு ஓர் ஓட்டை போட்டாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை, உம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கண் பழகப் பழக எதிர்ச்சுவரில் நீலம் ஊறியது. பிறகு அந்த ஓட்டை வழியாகக் கடலே வந்தது. தலைகீழாக, அலை அலையாக, சத்தமில்லாமல். ஆணிகூட அடிக்காமல் உம்மா காத்துவைத்த அந்த வெள்ளைச் சுவரை விட நல்ல திரை ரிஸ்லாவுக்கு எந்த ஊரிலும் கிடைத்ததில்லை.

"ஸுப்ஹானல்லாஹ்!"

தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் ஒன்று வந்தது. சக்கரம் மேலே இருக்க, கூரையை ஒட்டிக்கொண்டு ஓடியது.

"அல்லாவே, ரயில் கவுந்திட்டு!"

ரிஸ்லா சிரித்தாள். இந்த வித்தையை அவள் எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். ஆனால் வாயைப் பிளந்தபடி சுவரருகே போய், தொட்டால் ஈரமாகுமோ என்பதுபோல் விரலை நீட்டிய உம்மாவைப் பார்த்தபோது அவளுக்கே மேல் சிலிர்த்தது.

தண்டவாளத்தோரமாக யாரோ ஒருவர் குடையோடு தலைகீழாக நடந்துபோனார். உம்மா அவர் மறையும்வரை பார்த்தார்.

"உன்ட படத்திலயும் மனிசர் இப்பிடித்தான் வருவாங்களா?"

"என்ட படத்தில மனிசரே இல்ல உம்மா."

"ஏன்?"

"நீங்கதானே வேணாமெண்ட."

உம்மா திரும்பினார். அவருடைய முக்காட்டில் அலை நெளிந்தது.

"ஊட்டுல தொங்கப்போடாதே எண்டுதான் சொன்ன. படம் புடிக்காதே எண்டு எப்ப மகள் சொன்ன?"

தொழுதுவிட்டு எழும்பும் உம்மா, மீன் வெட்டும் உம்மா, கண்ணை மூடி மௌத்தாகும்வரை சாய்கதிரையில் பேப்பர் வாசித்த வாப்பா: ரிஸ்லா எடுக்காமல் விட்ட முகங்கள் எல்லாம் அந்த இருட்டில் வந்து நின்றன.

உம்மா கதிரையைத் தானே இழுத்து, சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். முக்காட்டைச் சரி செய்தார்.

"கமரா ஈக்கா? புடி. ஆனா இங்க மாட்ட ஏலாது, சொல்லிட்டேன்."

"வெளிச்சம் காணாது உம்மா. கொஞ்ச நேரம் அசையாம இருக்கணும்."

ஒரு நிமிடம்கூடச் சும்மா இருந்தறியாத மனுஷி அசையாமல் இருந்தார். முகத்தின் மேல் கடல் போய்வந்தது. ரிஸ்லா கமராவின் ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, உம்மாவின் முகத்தை ஆற அமரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.