மாடியில் காய்ந்த போர்வை

மாடியில் டிவி டிஷ் ஏறிய நாளிலிருந்து முத்துமீனாளுக்குச் சோறு இறங்கவில்லை. கீழ்வீடு அவளுடையது. மேல்வீடு ஓரகத்தி ஸ்ருதியுடையது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு போன ஆவணியில் வந்தவள். பாகம் பிரித்தபோது மொட்டைமாடி மட்டும் பொது என்று பேச்சு. அந்தப் பொது மாடியில், ஒரு வார்த்தை கேட்காமல், சோற்றுத்தட்டு மாதிரி ஒன்றை நட்டு வைத்துவிட்டாள்.

தட்டு நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். மகள் சண்முகப்ரியா அல்லவா அதன் பின்னால் போய்விட்டாள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிற பிள்ளை. யாராவது வந்தால் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்ளும். விளக்கேற்றியதும் அம்மாவும் மகளும் ஒரே பாயில் உட்கார்ந்து கேபிளில் நாடகம் பார்ப்பதுதான் வழக்கம். இப்போது தீக்குச்சி அணைவதற்குள் பிள்ளை படியேறிவிடுகிறது. மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வேறு. கீழே வாயே திறக்காத பிள்ளையிடம் இவ்வளவு சிரிப்பு எங்கே இருந்தது?

“அங்கன அப்படி என்னட்டி காட்டுதாவ?”

“படம் தெளிவா இருக்கும்மா.”

தறியிலிருந்து வந்த கணவன் கோமதிநாதன் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டான். “நாமளும் டிஷ்ஷுக்கே மாறிருவமா? பிள்ள ஆசப்படுதுல்லா. எது வேணும்னு நீயே சொல்லு.”

முத்துமீனாளுக்கு இரண்டு பக்கமும் எரிந்தது. மாறினால் ஸ்ருதியைப் பார்த்து மாறியதாக ஆகும். மாறாவிட்டால் மகள் மேலேயே கிடப்பாள்.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்றாள்.

மறுநாள் கேபிள்காரர் சுடலைராஜ் வந்தார். ஒயரைச் சரிபார்க்க வந்தவருக்கு மாடியில் டிஷ்ஷைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது.

“தங்கச்சி, நீங்களும் அந்தப் பக்கம் சாஞ்சிராதீங்க. ஆடித்தபசுத் திருவிழாவ நம்ம லோக்கல் சேனல்ல போடுதேன். கோமதியம்மன் அந்தத் தட்டுக்குள்ள வருவாளா?”

“படம் தெளிவா இருக்காம்லா அண்ணாச்சி.”

“மழ இருட்டட்டும், தெளிவு தெரியும். மழ எதுக்கு? முன்னால அணச்சாப்ல ஒரு ஈரப் போர்வ கெடந்தாலே படம் கட்டம் கட்டமா நின்னுரும்.”

“ஈரப் போர்வையா?”

“ஈரம்னா அதுக்கு ஆகாது.”

அவர் தெரு திரும்பியதும் முத்துமீனாள் பெட்டியைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் துவைத்து மடித்து வைத்த கனத்த போர்வைகள். இரண்டையும் வாளியில் முக்கினாள். வெயில் தாழ்ந்த பிறகு மாடிக்குக் கொண்டுபோய், கொடிக்கயிற்றை டிஷ்ஷுக்கு நேராக இழுத்துக் கட்டி, தட்டை ஒட்டினாற்போல் விரித்துப்போட்டாள். பொது மாடி. யார் என்ன கேட்க முடியும்?

விளக்கேற்றினாள். பிள்ளை படியேறியது. சற்று நேரத்தில் மேலே டிவிச் சத்தம் விக்கி விக்கி நின்றது. முத்துமீனாள் பாயை விரித்து, கேபிளின் சத்தத்தைக் கூட்டிவைத்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டுக் காத்திருந்தாள்.

பிள்ளை வரவில்லை. சிரிப்பும் நிற்கவில்லை.

போர்வை எடுக்கப் போகிறவள் போல மாடிப்படி ஏறினாள். மேல்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. டிவியில் சிக்னல் இல்லை என்று எழுத்து மட்டும் நின்றது. ஸ்ருதி கட்டிலில் உட்கார்ந்து, தரையில் இருந்த ப்ரியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். முத்துமீனாள் பிறந்ததிலிருந்து எண்ணெய் வைத்து வளர்த்த முடி, ஸ்ருதியின் விரல்களுக்குள் வழுக்கி வழுக்கி ஓடியது.

“இங்கனதான் படமே இல்லயே. கீழ போயி பாரேன்டி” என்றாள் ஸ்ருதி.

“வேண்டாம் சித்தி.”

“ஏன், கேபிள் அவ்வளவு மோசமா?”

“நாடகம் ஓடும்போது ஒண்ணுமில்ல. விளம்பரம் வந்தாத்தான் பயமா இருக்கும்.”

“சோப்பு விளம்பரத்துக்கு எதுக்குட்டி பயம்?”

“அப்பத்தான் அம்மா ஆரம்பிப்பா. ஒன்கூடப் படிச்ச அப்ரீன் பானு நர்சிங் சேந்துட்டா, ஒன் வயசுதான அவளுக்கும்னு. திரும்ப நாடகம் வார வரைக்கும் நிறுத்த மாட்டா.”

“இங்கனயும் விளம்பரம் வருதுல்லா?”

“அந்நேரம் நீங்க எந்திரிச்சுக் காப்பி போடப் போயிருதீங்க.”

இருவரும் சிரித்தார்கள். முத்துமீனாள் சத்தமில்லாமல் போர்வைகளை உருவிக்கொண்டு இறங்கினாள். தோளில் கிடந்த ஈரம் ரவிக்கைக்குள் இறங்கியது. மேலே டிவி மறுபடி பேசத் தொடங்கியது.

“யோசிச்சியா? எது?” என்றான் சாப்பிட உட்கார்ந்த கோமதிநாதன்.

“கேபிளே இருக்கட்டும். எதப் போட்டாலும் விளம்பரம் வரத்தான செய்யும்.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழம்பு கேட்டான்.

மறுநாள் விளக்கேற்றியதும், “இன்னிக்கி இங்கன கொஞ்சம் இரேன்” என்றாள். ப்ரியா பாயின் ஓரத்தில், எழுந்திரிக்கத் தோதாக உட்கார்ந்தாள். நாடகம் ஓடியது. விளம்பரம் வந்தது. பிள்ளையின் கை ரிமோட்டுக்குப் போனது. முத்துமீனாளின் நாக்கு நுனிவரை அப்ரீன் பானு வந்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சோப்பைப் பார்த்தாள், பல்பொடியைப் பார்த்தாள். ப்ரியா திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“ஏட்டி ப்ரியா” என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

“சித்தி கூப்பிடுதாங்கம்மா.”

முத்துமீனாள் மாடிப்பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

“போ. இந்த விளம்பரம் மட்டும் முடியட்டும்” என்றாள்.