டைரக்ட் கொடுக்காத நாள்

ஏற்காட்டில் கரண்ட் வேலை என்றால் சாதிக் பாஷாதான் என்று சொல்வார்கள். சொல்பவன் பெரும்பாலும் நானேதான். இருபத்திரண்டு வருட அனுபவம். அதில் முக்கால்வாசி ஒரே வேலை: ஈ.எல்.சி.பி.யைத் தாண்டி டைரக்ட் கொடுப்பது.

ஈ.எல்.சி.பி. என்பது, எங்கேயாவது கரண்ட் கசிந்தால் யாரையும் அடிப்பதற்குள் தானே விழுந்து லைனை வெட்டும் சுவிட்ச். உயிர் காக்கிற சாமான். ஆனால் எங்கள் மலையில் பனி இறங்கினால் சுவரெல்லாம் ஈரம். அரை மணிக்கு ஒரு தரம் விழும். உடனே எனக்குப் போன் வரும். நான் போய் ஒரு துண்டு ஒயரில் அதைச் சுற்றிக் குறுக்குவழி போட்டுவிட்டு, "இனி விழாதுங்க" என்பேன். விழாது. விழுவதாக இருந்தால் இனி மனுஷன்தான் விழ வேண்டும். இதுவரை யாரும் விழவில்லை. அதை என் கைராசி என்று ஊர் நம்பியது. நானும் மறுத்ததில்லை.

அந்தக் கைராசியை நம்பித்தான் லூர்துசெல்வி அக்கா என்னைக் கூப்பிட்டார். எஸ்டேட் பங்களாவில் பதினெட்டு வருடம் யார் யாருக்கோ கட்லெட் சுட்டுக் கொடுத்தவர். இப்போது ஒரு தகர டிரெய்லரை வாங்கி, சொந்தமாக பஜ்ஜிக் கடை போடுகிறார். கோடை விழாவுக்கு ஏரிக்கரையில் இடமும் கிடைத்துவிட்டது. ஒரே நிபந்தனை, முதல் நாள் காலை பத்து மணிக்குள் வியாபாரம் ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியை நகர்த்திவிட்டு இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வெள்ளக்கடை கிராமத்தில் அவர் வீட்டு வாசலில் வைத்து நாலு நாள் ஒயரிங் செய்தேன். லைட், பிரிட்ஜ், மிக்சி, புகை இழுக்கும் ஃபேன், கூரையோரம் ஓடி ஓடி எரியும் சீரியல் செட். ஈ.எல்.சி.பி. புத்தம் புதுசு. சோதித்தபோது எல்லாம் எரிந்தது. நானே கைதட்டிக்கொண்டேன், வேறு யாரும் தட்டுவதாகத் தெரியவில்லை.

விழா அன்று காலை ஏரிக்கரையில் ஏரியே தெரியாத பனி. சுவிட்சைத் தூக்கினேன். டப். மறுபடி தூக்கினேன். டப். எங்கள் இடம் காலியாவதற்குக் காத்திருந்த சோளக்கதிர்காரர் மூட்டைமேல் உட்கார்ந்து, எங்களை அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதரை ஆனது.

"ஏனுங்க பாய், இன்னும் எத்தன தடவதான் அதத் தூக்கித் தூக்கித் தாலாட்டுவீங்க?" என்றார் அக்கா.

"பனிங்கக்கா. ஈரம் எறங்கியிருக்கு."

"அது காயற வரைக்கும் நான் உக்காந்திருக்கட்டுமா? டைரக்ட் குடுங்க."

அந்தத் துண்டு ஒயர் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும், மற்றவர்கள் சீப்பு வைத்திருப்பதுபோல. எடுத்தேன். அக்கா படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினார். தரை இரும்புத் தகடு. அதன்மேல் பனி ஈரம். அதன்மேல் அக்காவின் வெறுங்கால்.

"அக்கா, செருப்பப் போட்டுக்குங்க."

"அடுப்படிக்குள்ள செருப்போடயா? உங்கூட்ல ஜமீலா அப்பிடித்தான் சமைக்கறாளா?"

இல்லை. என் மனைவியும் வெறுங்காலோடுதான் சமைக்கிறாள். இத்தனை வருடமாக ஊரார் அடுப்படிகளில் சுவிட்ச் போர்டைப் பார்த்தேனே தவிர, யார் காலையும் பார்த்ததில்லை. இப்போது எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. ஒன்றில்கூடச் செருப்பில்லை.

"டைரக்ட் குடுக்க மாட்டேங்க" என்றேன். யாரோ யோக்கியன் பேசுவதுபோல இருந்தது.

"மாரமங்கலம் வரைக்கும் ஊரு பூரா குடுத்துப்போட்டு, எனக்கு மட்டும் சட்டம் பேசறீங்களா?"

"ஆமாங்க."

"நான் என்னுங்க பாவம் பண்ணேன்?"

ஒயரைப் பைக்குள் வைத்தேன். பத்துக்குப் பத்து நிமிடம். லிஸ்ட்டோடு விழா ஆள் வரிசையின் அந்தக் கோடியில் தெரிந்தான். சோளக்கதிர்காரர் மூட்டையை விட்டு எழுந்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையிலேயே எண்ணெய் காய்ந்திருக்கும். பிறகு தீப்பெட்டியை எடுத்தார். கேஸைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

"பஜ்ஜிக்கு எதுக்குங்க கரண்டு?"

நல்ல கேள்வி. நாலு நாளில் யாரும் கேட்கவில்லை. முக்கியமாக நான்.

அரையிருட்டில் கையாலேயே மாவு கரைத்தார். பத்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது முதல் மிளகாய் எண்ணெயில் இறங்கியது.

"லைட்டே எரியலீங்களேக்கா?" என்றான் லிஸ்ட்டுக்காரன்.

"பட்டப்பகல்ல எதுக்குக் கண்ணு லைட்டு? இந்தா, சூடாப் புடி."

பிடித்தான். டிக் அடித்தான். சோளக்கதிர்காரர் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குளிருக்குக் கூட்டம் மொய்த்தது. நான் மெயினை அணைத்துவிட்டு, அடுப்பு மேடைக்கு அடியில் சிலிண்டரோடு சிலிண்டராக மடங்கி, ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்த்தேன். "அம்மா, கடைக்கு அடியில ஒரு அங்கிள் இருக்காரு" என்றது ஒரு குழந்தை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சட்னி கேட்டார்.

மதியம் ஒரு மணிக்குக் கிடைத்தது. சோதனை முடிந்த பிறகு, அக்காவுக்குத் தெரியாமல், வண்டியின் வெளிப்பக்கம் நான் ஆசையாக ஒரு தகடு அடித்திருந்தேன்: 'தரமான ஒயரிங்குக்கு சாதிக் பாஷா.' நாலு ஸ்க்ரூ. 'தரமான'வுக்கு மேலே இருந்த ஸ்க்ரூ உள்ளே போய் ஒயரின் தோலைக் கிழித்திருந்தது. மீதியைப் பனி பார்த்துக்கொண்டது.

பழி முழுவதையும் பனிமேலேயே போட்டிருக்கலாம். பனி வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் மேடைக்கு அடியிலிருந்து பார்த்தால் தெரிவது அக்காவின் அந்த இரண்டு வெறுங்கால்கள் மட்டும்தான். வெளியே வந்து சொல்லிவிட்டேன்.

அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்: "அப்ப டைரக்ட் குடுத்திருந்தா?"

"வண்டி பூரா கரண்ட் ஏறியிருக்கும்ங்க."

சிரிப்பு நின்றது. குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"மத்த ஊடுங்களெல்லாம்?"

"திங்கக்கெழமையிலிருந்து ஒவ்வொண்ணாப் போயி மாத்தறேங்க."

"ஏன், அதுவரைக்கும் கரண்டு லீவா?"

"இன்னிக்கே போறேங்கக்கா."

ஒயரை மாற்றி சுவிட்சைத் தூக்கினேன். விழாமல் நின்றது. சீரியல் செட் பனிக்குள் ஓட ஆரம்பித்தது. கிளம்பினேன். அக்கா ஒரு தட்டில் இரண்டு பஜ்ஜியை வைத்து நீட்டினார்.

"காலைலருந்து ஒண்ணுந் திங்கல நீங்க. உப்பு சரியா இருக்கான்னு சொல்லுங்க பாய். உங்க மேல இருந்த கோவத்துல கரைச்ச மாவு."

கடித்தேன். உப்பே இல்லை. மூன்று மணி நேரமாக இந்த மலைக்கு வந்தவர்களெல்லாம் சூட்டை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடம் யார் யாருக்கோ சுட்ட பிறகு, சொந்தக் கடையில் கரைத்த முதல் மாவு.

"நொம்ப அருமைங்க" என்றேன். "அடுத்த மாவுல மட்டும் உப்பு கொஞ்சம் தாராளமாப் போடுங்க."

ஒரு நாளைக்கு ஒரு முழு உண்மைக்கு மேல் என் உடம்பு தாங்காது.