டோரினின் மகன்

கிருபாபாயின் ஜெபம் அந்த இடத்தை நெருங்கியதும் ஈசாக் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டார். பதினான்கு மாதமாக அந்த இடத்தில் அவள் குரல் தட்டி நின்றுவிடுகிறது. ஒரு நொடி, இரண்டு நொடி, சில நாள் அதற்கும் மேல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த இரவில் எங்களைக் காத்தருளும்" என்று தாவிவிடுவாள். அந்தத் திங்கட்கிழமை குரல் நிற்கவில்லை. "ஆண்டவரே, இங்கிலாந்து தேசத்தில் ஆஸ்பத்திரியில் சுகவீனமாய்க் கிடக்கிற டோரினின் மகன் ஆலனை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். பத்தொன்பது வயதுப் பிள்ளை. நீர் தொட்டு அவனைச் சுகமாக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லி, அப்படியே இரவுக்கான காவலைக் கேட்டு, ஆமென் என்று முடித்தாள். ஈசாக் கண்ணைத் திறந்து பார்த்தார். பாயில் முழங்காலிட்டிருந்தவளின் நெற்றி சுருக்கமில்லாமல் தளர்ந்திருந்தது. அதை அவர் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

வீட்டு ஜெபத்துக்கு ஒரு கட்டுமானம் உண்டு. முதலில் அன்றைய நாளுக்கு நன்றி. அடுத்து போதகரும் சபையும். பிறகு அமரவிளை வட்டாரத்தில் நோயாய்க் கிடப்பவர்கள், ஒவ்வொருவராக. அதன் பிறகு பிள்ளைகள்: பெங்களூரில் இருக்கும் மூத்தவள் பின்சி, அடுத்து ஜெனில். கடைசியாக இரவு. முப்பது வருடமாக ஒரே வரிசையில் சொல்லிச் சொல்லி, அந்தச் சொற்கள் ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டு தாமாகவே வரும். நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால், படியில் ஒரு கல் இல்லாததுபோலக் கால் வெறுமையில் இறங்கும்.

ஜெனில் வட இங்கிலாந்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்தான். சென்ற வருடம் பிப்ரவரியில், வேலை முடிந்து திரும்பும்போது உறைபனியில் கார் வழுக்கிவிட்டது. பத்தொன்பது நாள் கழித்துத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். அடக்கத்துக்கு மறுநாள் இரவு ஜெபத்தில் அவன் பெயர் வரவேண்டிய இடத்தில் கிருபாபாய் முதல்முறையாக நின்றாள். அவர்கள் சபையில் மரித்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அவர்களுடைய வாழ்வுக்காக நன்றி சொல்லலாம், மிஞ்சியிருப்பவர்களுக்கு ஆறுதல் கேட்கலாம். போனவருக்காகக் கேட்க மனிதரிடம் ஒன்றும் மிச்சமில்லை என்பது போதனை. இருநூறு வருடம் முன்பு அந்தப் போதனையைக் கப்பலில் கொண்டுவந்தவர்களும் இங்கிலாந்துக்காரர்கள்தான். பக்கத்து வீட்டு லிஜா பொழியூர்க்காரி, கத்தோலிக்கப் பெண். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பனுக்காக வருடா வருடம் அவள் பூசை ஒப்புக்கொடுப்பாள். கோயிலில் அவர் பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள். லிஜா அதைச் சொல்லும்போதெல்லாம் கிருபாபாய் மதிலோரம் நின்று, கையிலிருக்கும் மீன்சட்டியை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் கேட்டுக்கொண்டிருப்பதை ஈசாக் பார்த்திருக்கிறார்.

டோரின் வந்த அந்த இங்கிலாந்து டிவி நிகழ்ச்சியை வீட்டுக்குள் கொண்டுவந்தது ஜெனில்தான். முதல் விடுமுறைக்கு வந்தபோது டிவியின் பின்னால் விரல் நீளத்தில் ஒரு கருவியைச் செருகி, அந்த நாட்டுச் சானல்கள் வரும்படி செய்து, அடியில் எழுத்து ஓடவும் வைத்துக் கொடுத்தான். அவன் வேலை பார்த்த இல்லத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிழவர்களையும் கிழவிகளையும் நாற்காலிகளில் வட்டமாக உட்கார வைத்துப் பழைய போட்டி நிகழ்ச்சிகளைப் போடுவார்களாம். அங்கே மதியம் இரண்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. அவர்கள் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டால் ஏழரை. "அம்மா, இப்போ நானும் இதத்தான் பாக்கேன்" என்று இடையில் ஒரு செய்தி அனுப்புவான். அவன் போன பிறகும் கிருபாபாய் ஆறரைக்கு டிவி முன் உட்காருவதை விடவில்லை. பழைய நிகழ்ச்சி என்று அவன் சொன்னதை, வெகுகாலமாக நடந்து வருகிற நிகழ்ச்சி என்றே அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

போட்டி எளிதானது. மூன்று பேர், ஆளுக்கொரு பொத்தான். கேள்வி வந்ததும் முந்தி அழுத்துபவரின் விளக்கு எரியும்; அந்த விளக்குக்குப் போகிற மின்சாரமே மற்ற இருவரின் பொத்தான்களையும் அறுத்துவிடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. ஈசாக் ஒருகாலத்தில் ஞாயிறு பள்ளி வேதவினாப் போட்டிக்கு ரிலே என்ற மின்சுவிட்சு வைத்து இப்படியொன்று செய்து கொடுத்தவர். ஜெயிப்பவர் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விடலாம். போகாமல் மறுநாளும் வரலாம். ஆனால் தோற்றால் அதுவரை சேர்ந்ததெல்லாம் போய்விடும். தோற்றவரை வெறுமனே அனுப்பவும் மாட்டார்கள். ஒரு திரையை விலக்கி, ஜெயித்திருந்தால் இது உனக்குக் கிடைத்திருக்கும் என்று காட்டித்தான் அனுப்புவார்கள். தோற்றவர் அதைப் பார்த்துக் கைதட்ட வேண்டும்.

டோரின் அந்தத் திங்கட்கிழமைதான் வந்தாள். கிரிம்ஸ்பி என்ற மீன்பிடி ஊர்க்காரி, மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலை. ஜெயித்து என்ன செய்வாய் என்று நடத்துபவர் கேட்டதற்கு, என் மகன் ஆலன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பத்தொன்பது வயது, அவன் எழுந்ததும் எங்காவது வெயில் அடிக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்றாள். கேமராவைப் பார்த்து, கொஞ்சமாகக் கையசைத்தாள். கீழே ஓடிய எழுத்துகளைக் கிருபாபாய் உதடு அசைய வாசித்தாள்.

ஈசாக்குக்கு அது எத்தனை பழையது என்று முதல் நிமிடத்திலேயே தெரியும். அமரவிளை பழைய செக்போஸ்ட்டின் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் டிவி பழுது பார்த்தவர் அவர். படம் சதுரமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. நடத்துபவரின் மோதிரத்தில் வெளிச்சம் பட்டு அவர் கையை அசைத்தால், அந்தப் பொட்டு ஒரு செந்நிற வாலை இழுத்துக்கொண்டு போய் மெல்ல அணைகிறது. அந்தக் காலத்துக் கேமராவுக்குள் கண்ணாடிக் குழாய் இருக்கும். அதிக வெளிச்சத்தை அதனால் உடனே மறக்க முடியாது. இப்போதைய கேமராக்கள் எதையும் அந்த நொடியிலேயே மறந்துவிடும். ஆலன் இருந்தால் ஈசாக்கின் தம்பி வயதாகியிருக்கும். இதைச் சொல்லத்தான் அன்றிரவு அவர் வாயெடுத்தார். சுருக்கமில்லாத அந்த நெற்றியைப் பார்த்துவிட்டு எழுந்து பாயைச் சுருட்டினார்.

செவ்வாய்க்கிழமை டோரின் மறுபடியும் ஜெயித்தாள். புதன்கிழமை மாலை, மீன்குழம்போடு வந்த லிஜா டிவியைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றாள்.

"சேச்சி, இவனுக்க கோட்டப் பாத்தா எங்க மாதா பள்ளிப் பெருநாளுக்கு பேண்டு அடிக்க வாற ஆளு மாதிரில்லா இருக்கு. இது எந்தக் காலத்து சாதனம்?"

கிருபாபாய் ஈசாக்கைத் திரும்பிப் பார்த்தாள். டிவி விஷயத்தில் அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது.

"அங்க இப்பளும் அப்படித்தான் உடுப்பானுவ," என்றார் ஈசாக்.

திருமணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவளிடம் பொய் சொன்னதில்லை என்றில்லை. ஆனால் இயந்திரங்களைப் பற்றிச் சொன்னதில்லை. வியாழக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆலனின் பெயரைக் கொடுத்திருப்பதாக வந்து சொன்னாள். இருபத்திரண்டு பெண்கள் அவனுக்காக முழங்காலிட்டார்களாம். அன்றும் டோரின் ஜெயித்தாள். போகவில்லை, வெள்ளிக்கிழமையும் வருவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை ஈசாக் சாயாவோடு வந்தபோது கிருபாபாய் வேண்டாமென்று கையால் விலக்கினாள். ஆலனுக்காக உபவாசம். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவள். மதியம் மூன்று மணிக்கு அவள் மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. மடியில் வேதப்புத்தகம் திறந்திருந்தது.

"எடீ கிருபா, வெறும் வயித்துல மாத்திரை போடப்பிடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்தாச்சா?"

"மாத்திரையும் போடல்ல."

"அது அதவிட மோசமாக்கும்."

அவள் புத்தகத்தை மூடினாள். "நம்ம பிள்ளைக்க காரியத்தில போன் வந்தப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு. கேக்கதுக்கு ஒரு மணிக்கூர் நமக்குத் தரல்ல. இவனுக்கு நேரம் உண்டு. நான் கேக்கியேன். விடுங்க."

ஈசாக் அடுக்களைக்குப் போய்க் கஞ்சி வைத்தார். அரிசி கொதித்து வெடிக்கும்வரை அடுப்பின் முன்னாலேயே நின்றார்.

ஆறரைக்கு டோரின், வந்த நாள் முதல் போட்டிருந்த அதே நீல உடையில் வந்தாள். முதல் இரண்டு சுற்றும் நன்றாகப் போயிற்று. கடைசிக் கேள்வி, வேதத்தில் எகிப்துக்கு வந்த பத்து வாதைகளில் முதலாவது எது என்பது. டோரின் பொத்தானை முந்தி அழுத்திவிட்டாள். விளக்கு எரிந்தது, மற்ற இருவரும் அறுபட்டார்கள். அதன் பிறகுதான் அவள் முகத்தில் அந்தக் கலக்கம் வந்தது. "ரத்தம், ரத்தம்" என்று கிருபாபாய் முன்னால் சாய்ந்து முணுமுணுத்தாள். டோரின், தவளை என்றாள்.

திரை விலகியது. வெள்ளையில் ஒரு வீட்டுவண்டி, காரின் பின்னால் கட்டி இழுத்துப் போவது, சன்னலில் பூப்போட்ட திரைச்சீலைகளோடு. டோரின் அதைப் பார்த்துக் கைதட்டினாள். நடத்துபவர் அவள் தோளில் தட்டினார், பார்வையாளர்கள் சிரித்தார்கள், இசை வந்துவிட்டது.

"பையனப்பத்தி அவரு ஒரு வாக்கு கேக்கல்லியே," என்றாள் கிருபாபாய். பெயர்கள் கீழிருந்து மேலாக ஓடத் தொடங்கியிருந்தன. "வெறுங்கையோடல்லா போறா. நான் ஞாயிறு வரைக்கும் உபவாசம் இருக்கப் போறேன். மூணு நாள்."

ஈசாக் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். கடைசி வரி சட்டென்று உறைந்தது. எழுந்து போய், டிவியின் கீழ் ஓரத்தில் விரலை வைத்தார். அந்த நாட்டில் நிகழ்ச்சி எடுத்த வருடத்தை எண்ணாகப் போடமாட்டார்கள், ரோம எழுத்தில் போடுவார்கள். பார்க்கிறவர்கள் சட்டென்று வாசித்து, பழசு என்று கண்டுகொள்ளாமலிருக்கத்தானோ என்று அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம். கிருபாபாய் அதைக் கம்பெனியின் பெயரென்றே நினைத்திருந்தாள். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல, அவசரமில்லாமல். எம் என்றால் ஆயிரம். அடுத்து சி, எம். நூறு முன்னால் நின்றால் ஆயிரத்தில் நூறு குறையும், ஆக தொள்ளாயிரம். எல் ஐம்பது. மூன்று எக்ஸ் முப்பது. மூன்று கோடு, மூன்று.

அவள் விரல் மடக்கிக் கூட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. அவர்களுக்குக் கல்யாணமே ஆகாத வருடம். கூட்டி முடித்தும் விரல்களை விரிக்கவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொதல் நாளே."

"லிஜாட்ட கள்ளம் சொன்னிய."

"சொன்னேன்."

"பெண்கள் ஐக்கியத்தில அத்தன பேரும் முட்டுக்குத்தினாளுவ. அப்பளும் வாயத் தொறக்கல்ல."

ஈசாக் டிவியின் பக்கத்திலேயே நின்றார். உட்காரத் தோன்றவில்லை. தெருவில் பாறசாலைப் பக்கம் போகும் பேருந்தொன்று நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது. "ஜெபத்தில அந்த எடத்தில நீ நிக்காமப் போன," என்றார். "அதக் கேக்கணும்னு இருந்துது எனக்கு. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு."

அழுவாள் என்று நினைத்தார், இல்லையென்றால் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள் என்று. ஓட்டமில்லாமல் நின்ற அந்தப் பெயர்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். டோரின் அவற்றில் எங்கும் இல்லை.

"அவனுக்கு இப்போ என்ன வயசு இருக்கும்?"

"இருந்தா, அறுவத்தொண்ணு. இல்லேன்னா அறுவத்திரெண்டு."

"இருக்கானா?"

"அது எப்படித் தெரியும்?"

"செத்துட்டான்னு தெரியுமா?"

ஈசாக் யோசித்தார். தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா என்று, பழுதான பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோல, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஆலன் என்ற பெயர் மட்டும்தான். அந்த நாட்டில் எத்தனையோ ஆயிரம் ஆலன்கள் இருப்பார்கள். "இல்ல," என்றார். "அதும் தெரியாது."

"அப்போ கேக்கலாம்," என்றாள் கிருபாபாய். "கஞ்சி எடுத்து வைங்க. ஜெபிச்சுட்டுக் குடிக்கேன்."

அவர் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு, வேதம் வாசித்தார். பிறகு அவள் தொடங்கினாள். நன்றி, போதகர், சபை, வட்டாரத்தின் நோயாளிகள், பின்சி. ஈசாக் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவரே, உமது பிள்ளை ஆலன். தலை நரைத்திருக்கும், ஆண்டவரே. மாடிப்படி ஏறும்போது அவன் முழங்காலில் வலி இருக்குமானால் அதைக் குறைத்தருளும். கண்ணில் புரை விழுந்திருந்தால் நல்ல டாக்டரைக் கொடும். மனைவி இருந்தால் இருவரையும் ஒருமனமாய் நடத்தும். பிள்ளைகள் தூரத்தில் இருந்தால் வாரத்துக்கொரு முறையாவது கூப்பிடும்படி அவர்கள் மனதில் பேசும். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் குறைத்துச் சாப்பிடும் புத்தியைத் தாரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பது அவனுக்குச் சலிப்பாயிருந்தால்..."

குரல் எங்கும் தடுக்கவில்லை. ஆனால் அது அந்த இடத்தைக் கடந்தும் போகவில்லை. அங்கேயே இறங்கி, உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆலனின் பேரப்பிள்ளைகளுக்கு வந்தது, அவர்களில் இளையவனின் படிப்புக்கு வந்தது. ஈசாக் கண்ணைத் திறந்தார். கஞ்சியை மூடி வைக்க ஒரு தட்டை எடுத்தார். சத்தம் வந்துவிடுமோ என்று அதைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். கஞ்சியின் மேல் மெல்லிய ஆடை விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் படிந்துகொண்டிருந்தது.