ஓடினால் தோல்வி

கானி என் மனைவியின் தம்பி. அவனுடைய செவலைக் குதிரை என் சர்க்கரைவள்ளித் தோட்டத்தை மேய்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சு கிடையாது.

எங்கள் மியாகோ தீவுக் குதிரைகள் குள்ளம். கரும்பு வண்டி இழுக்கும், கல்லுப் பாதையில் இடறாது, கிடைத்ததைத் தின்னும். பெரும்பாலும் கிடைப்பது என்னுடையதுதான். அரசாங்கத்துக்கு இது போதவில்லை. படைக்கு உயரமான குதிரை வேண்டுமாம். அதனால் குள்ளமான ஆண் குதிரைகளுக்கெல்லாம் காயடித்துவிட்டு, பெட்டைகளைப் பெரிய குதிரைகளோடு சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. அரிமுரா என்ற அதிகாரி அளவுகோலோடும் ஒரு பெரிய குதிரையோடும் கப்பலில் வந்து இறங்கினார். எங்கள் ஊரில் ஆண் குதிரை மொத்தம் பதினேழு. பதினாறு முடிந்தது. மிஞ்சியது செவலை.

கானி அவர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, நாளைக்குத் திருவிழாவுல குதிரைப் பந்தயம். உங்க பெரிய குதிரையும் வரட்டும். என்னுது ஜெயிச்சா, கத்தியை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வரப்படாது."

அரிமுரா செவலையை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஆட்டுக்குட்டியா? சரி, ஜெயிச்சா விட்டுடுறேன். சொன்ன சொல் மாறமாட்டேன்."

பந்தயத்துக்கு நடுவர் நான். முப்பது வருஷமாக நான்தான். எங்கள் பந்தயத்தில் குதிரை ஓடக்கூடாது. தாளம் தப்பாமல் சின்னச் சின்ன எட்டாக வைத்து வர வேண்டும், மேலே இருப்பவன் குலுங்கக்கூடாது. நாலு காலும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பினால் தோல்வி. பெற்ற அப்பனையே அப்படித் தோற்கடித்தவன் நான். இதையெல்லாம் அரிமுராவிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, பாவம்.

மறுநாள் காலை முரசு தட்டியதும் பெரிய குதிரை புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. மைதானத்தைச் சுற்றிவிட்டு அது திரும்பியபோது செவலை பாதி தூரம்கூட வரவில்லை. மணப்பெண் மாதிரி நடந்து வந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் அரிமுரா, மீசையைத் தடவிக்கொண்டு.

"முடிஞ்சுது ஐயா," என்றேன். "நீங்க தோத்துட்டீங்க. உங்க குதிரை ஓடிடுச்சு."

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெரிய குதிரை பக்கத்தில் இடிபோலப் போனபோது, செவலை மிரண்டு ஒரே ஒரு துள்ளு துள்ளியதை நான் பார்த்தேன். மற்றவர்கள் கண்ணெல்லாம் பெரிய குதிரை மேல். நியாயப்படி அதுவும் தோல்விதான்.

குதிரையை விட்டு இறங்கிய கானி நேராக என்னிடம் வந்தான். அவனுக்கும் தெரியும். நேர்மையில் எங்கள் குடும்பமே ஒரு தினுசு.

"மச்சான், நம்ம செவலையும் நடுவுல ஒரு துள்ளு..."

அவன் காலை அழுத்தி மிதித்தேன்.

"வாயை மூடு மாப்ளே." இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் அவனோடு பேசிய முதல் பேச்சு அது. பிறகு உரக்கச் சொன்னேன்: "ஜெயிச்சது செவலை."

அரிமுரா கூட்டத்தைப் பார்த்தார். ஓடினால் தோல்விதான் என்று எல்லாத் தலையும் ஆடியது. கோபத்தில் முகம் சிவந்தாலும், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டுக் கப்பலேறினார்.

அடுத்த வருஷம் ஊரில் செவலைக்கு எட்டுக் குட்டிகள். எட்டும் குள்ளம், எட்டும் நான் சொன்ன ஒரே பொய்க்குப் பிறந்தவை. நேற்று அதில் ஒன்று என் சர்க்கரைவள்ளிக் கொடியை மென்றுகொண்டு நின்றது. கம்பை எடுத்துக்கொண்டுதான் போனேன். அடிக்கக் கை வரவில்லை.