அறைக்குள் குடை

அருங்காட்சியகத்தின் மூன்றாம் அறையைக் காவல் காப்பவளுக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் கழுகுக்கண். யாராவது ஓவியத்தை நோக்கி விரல் நீட்டினால் போதும், லேசாகச் செருமுவாள். விரல் தானாக மடங்கிவிடும். அப்பேர்ப்பட்டவளுக்கே போன வருடம் மெமோ வந்தது. ஒரு குழந்தை ஓடிவந்து மோதியதில் சாய்ந்த பழைய ஜாடியை அவள் தாவிப் பிடித்துவிட்டாள். ஜாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் பராமரிப்பு நிபுணரைத் தவிர வேறு யாரும் காட்சிப் பொருளைத் தொடக்கூடாது என்பது விதி. உடைந்திருந்தால் விபத்து, பிடித்ததால் குற்றம்.

மழை கொட்டிய ஒரு மதியம், அந்த அறையின் பெரிய ஓவியத்துக்கு நேர்மேலே கூரை ஒழுகத் தொடங்கியது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடும் ஒரு படகோட்டியின் படம் அது. பார்த்துப் பார்த்து அவன் அவளுக்கு வீட்டு மனிதன்போல ஆகிவிட்டிருந்தான். முதல் சொட்டு சட்டத்தில் விழுந்தது. அடுத்தது அவன் தலைக்கு மேலிருந்த வானத்தில். அவள் கை நீண்டது. ஜாடி ஞாபகம் வந்ததும் பாதியில் நின்றது.

ஓடிப்போய் மேலாளரைக் கூட்டிவந்தாள். நல்ல மனிதர்தான். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“கழட்டிக் கீழ வச்சிடலாமா சார்?”

“நிபுணர் வரணும்மா. நானே தொட்டாலும் மெமோதான்.”

“அவர் எங்க?”

“மாமனாருக்கு உடம்பு சரியில்லன்னு ஊருக்குப் போயிருக்கார். போன் எடுக்கல.”

படகோட்டி நனைவதை இருவரும் கைகட்டி நின்று பார்த்தார்கள். அவள் விறுவிறுவென்று வெளியே போய்த் தன் குடையை எடுத்துவந்து, நாற்காலியில் ஏறிப் படத்துக்கு மேலே விரித்துப் பிடித்தாள்.

“குடை உள்ள வரக்கூடாதுன்னு வாசல்லயே எழுதியிருக்கேம்மா,” என்றார் மேலாளர்.

“தெரியும் சார். படத்தைத் தொடலையே.”

“நாற்காலி மேல ஏறுறதும் தப்பு.”

“அதையும் சேர்த்தே எழுதிக்குங்க.”

மேலாளர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு குனிந்து, நாற்காலி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பார்வையாளர்கள் வந்தார்கள். நவீன கலை என்று நினைத்துப் பயபக்தியோடு தள்ளி நின்றார்கள். கழுத்தில் கேமரா தொங்கிய ஒருவர் மெல்லக் கேட்டார்: “இது என்ன சொல்ல வருது?”

“ஒழுகுதுன்னு சொல்ல வருது,” என்றார் மேலாளர், நாற்காலிக் காலை விடாமல்.

மழை விட்டபோது அவளுக்குத் தோள்பட்டை மரத்துப்போயிருந்தது. படகோட்டி தப்பித்தான். நிர்வாகக் குழு கூடி விவாதித்தது. ஓவியத்தைக் காப்பாற்றியதற்கு அவளுக்குப் பாராட்டும், குடைக்கு ஒரு மெமோவும், நாற்காலிக்கு இன்னொரு மெமோவும் கிடைத்தன. இனி இப்படி நேராமலிருக்க, குழு அதிகாரப்பூர்வமான குடை ஒன்றை வாங்கி, ஓவியத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்தது. சாவி நிபுணரிடம்.

வீட்டில் சொன்னபோது அவள் கணவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

“அப்ப கூரையை அடைக்கலையா?”

“அதுக்குக் கட்டடப் பிரிவு வரணும்.”

“வருவாங்களா?”

“வந்தாங்க. ஏணி வச்சா படத்து மேல இடிக்கும், படத்தை நகர்த்தித் தாங்கன்னு கேட்டாங்க. நகர்த்த எங்களுக்கு அனுமதி இல்லன்னதும் போயிட்டாங்க.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு, ஒரே ஆள் தரையில் நின்றபடியே பிடிக்க வசதியாக இன்னும் நீளமான காம்பு வைத்த குடை எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவனிடம் விசாரித்தாள்.