அத்தைக்குப் புரிய வேண்டிய ஆப்ஷன்

நிதிச் சந்தையில் ஆப்ஷன் என்றால் என்ன என்பதை என் மாமியாருக்கு ஐந்து நிமிடத்தில் புரிய வைக்க வேண்டும். அதை அவர் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு வைத்த கடைசித் தேர்வு. எந்தப் புண்ணியவான் இப்படி யோசித்தாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

நான் சங்கரி. ஐயம்பேட்டையில் தறிக்காரர் வீட்டு மருமகள். சென்னையில் ஒரு கடன் நிறுவனத்தில் வேலை. வாரம் முழுக்க பஸ்ஸில் போய் வந்து, சனி ஞாயிறில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து நிதிப் பொறியியல் படிக்கிறேன். பொறியியல் என்றதும் என் மாமனார் குப்புசாமி, ரிப்பேரான கிணற்று மோட்டாரை மருமகளே சரிசெய்துவிடுவாள் என்று காத்திருந்தார். இது மோட்டார் இல்லை மாமா, விலை ஏறினாலும் இறங்கினாலும் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கிற கணக்கு என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

போன வருடம் இதே தேர்வில் கோட்டை விட்டேன். பக்கத்து வீட்டு செல்லியம்மாளை உட்கார வைத்து ஃபார்முலாவாக அடுக்கினேன். என்ன புரிந்தது என்று கேட்டதற்கு, பாப்பா நல்லா பேசுது என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். இன்னொரு தடவைதான் எழுதலாம். அதிலும் போனால் பட்டம் கிடையாது. பட்டம் வந்தால் ரிஸ்க் பிரிவில் எனக்கு இடம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த நாற்காலியில் நான் மனதுக்குள் எப்போதோ உட்கார்ந்தாயிற்று.

தேர்வு வீட்டிலேயே, லேப்டாப் கேமரா முன்னால். கேட்பவர் வணிகம் படித்தவராக இருக்கக் கூடாது. என் கணவர் தேவேந்திரன் பி.காம். மாமனார் கேமராவைக் கண்டால் குளிக்கப் போய்விடுவார். மிச்சம் இருந்தது அத்தை தையல்நாயகிதான். அவர் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அத்தை தறியில் இருக்கும்போதே ஒத்திகை ஆரம்பித்தேன். நெசவு வீட்டில் புடவையை வைத்துச் சொன்னால் புரியாதா என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. முகூர்த்தப் புடவைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், விலையை அன்றைக்கே பேசி முடிக்கிறார்கள், அப்புறம் ஜரிகை என்ன விலை ஏறினாலும் அவர்களுக்கு அதே விலைதான் என்றேன். அத்தை தலையாட்டினார். எனக்குக் குஷி தாங்கவில்லை.

"ஒருவேளை கல்யாணம் நின்னுபோச்சுன்னு வெச்சுக்குங்க அத்தை..."

தறி நின்றது. அதில் ஏறியிருந்தது மாகறல் ஊர்ப் பெண் ஒருத்தியின் முகூர்த்தப் புடவை. கல்யாணப் புடவை தறியில் இருக்கும்போது எங்கள் வீட்டில் இழை அறுந்தால்கூட அறுந்தது என்று சொல்ல மாட்டார்கள், ஒண்ணு சேக்கணும் என்பார்கள். நான் கல்யாணத்தையே நிறுத்திவிட்டேன்.

வாயைக் கழுவு என்றார் அத்தை. நானும் சும்மா இருக்கிற ரகம் இல்லை. ஒரு உதாரணத்துக்கெல்லாம் பயந்தால் எப்படி என்று எகிறினேன். அவர் கற்பூரம் ஏற்றிப் புடவைக்குத் திருஷ்டி கழித்தார். அதோடு பேச்சு நின்றது. சனிக்கிழமை முழுக்க, காபி இருப்பதை மகனிடம் சொல்லி அனுப்புவார். குடித்துவிட்டதை நானும் தேவேந்திரனிடமே சொல்லி அனுப்புவேன். மனிதர் தாயக்கட்டை மாதிரி உருண்டுகொண்டிருந்தார்.

ஞாயிறு பதினொரு மணிக்குத் தேர்வு. பத்தரை ஆகியும் அத்தையைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வீண் கௌரவம், வேறென்ன. இரண்டு வருடப் படிப்பு கண்ணெதிரே போகப்போகிறது, நானோ லேப்டாப் மூடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது அத்தை நல்ல புடவையாக மாற்றிக்கொண்டு, புதுப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, சீக்கிரம் முடியுமா என்று மட்டும் மகனிடம் கேட்டார்.

பேராசிரியர் வீரபாகு திரையில் வந்தார். லேசில் சிரிக்காத மனிதர். புடவைப் பேச்சை எடுக்கக் கூடாது. கையில் வேறு உதாரணமும் இல்லை. வாயில் வந்தபடி செவிலிமேட்டில் ஒரு மனையைப் பிடித்தேன். இன்றைய விலைக்கே ஆறு மாதம் கழித்து வாங்கலாம், அதற்கு இப்போது ஒரு சின்னத் தொகை கொடுக்கிறோம், விலை இறங்கிவிட்டால் வாங்காமல் விட்டுவிடலாம் என்றேன்.

"முன்பணம் குடுத்துட்டு வாங்காம போறதா? அது வாக்கு இல்லையாமா?" என்றார் அத்தை.

அது முன்பணம் இல்லை, வாங்குவதா விடுவதா என்று நாமே முடிவு செய்யும் உரிமைக்குக் கட்டுகிற தனிப் பணம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. உங்களுக்கு என்னம்மா புரிந்தது என்று பேராசிரியர் கேட்டார்.

"மனையெல்லாம் வேணாம் சார்," என்றார் அத்தை. "எங்க சங்கரி பீசு கட்டிக்கினு இருக்குது இல்ல, அதான் அது. கட்டிட்டா படிக்கலாம். முடியலன்னா விட்டுடலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விட்டா கட்டின பீசு போவும், அதுக்கு மேல ஒண்ணும் போவாது. முடிச்சிட்டா பெரிய வேலை."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். போன வருடம் தோற்றபோதே விட்டிருக்கலாமே, அந்த உரிமையை ஏன் உங்கள் மருமகள் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்டார். அது தேர்வுக் கேள்வியா, அவருக்கே தெரிந்துகொள்ள ஆசையா, எனக்குப் புரியவில்லை.

"நானே விடச் சொல்லலாம்னுதான் போனேன் சார். காலையில பஸ்ஸு, சாயங்காலம் பஸ்ஸு, ஞாயித்துக்கெழமையும் இந்தப் பொட்டி முன்னால ஒக்காந்துக்கினு. ஒடம்பு என்னாத்துக்கு ஆவறதுன்னு கிட்ட போனா, கணக்கு போட்டுக்கினே தனியா சிரிச்சிக்கினு இருக்குது. எங்க வீட்டுக்கு வந்ததுலேருந்து அது அப்பிடி சிரிச்சு நான் பாத்ததில்ல. பேசாம திரும்பி வந்துட்டேன்."

தேர்ச்சி என்று பேராசிரியர் சொன்னது தேவேந்திரன் காதில்தான் விழுந்தது. கேமரா ஓடுகிறதே என்றுகூடப் பார்க்காமல் நான் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். கணக்குப் போடும்போது நான் சிரிக்கிறேன் என்பது அதுவரை எனக்கே தெரியாது.